மஞ்சள்கருவுக்கு மூலிகை சரி, முட்டை ஓட்டுக்கு?

கேள்வி: டாக்டர் ஐயாவுக்கு வணக்கம். ஆழ்கூள முறையில் (கூண்டில்லாமல், தரையில் கூளம் பரப்பி) 180 முட்டைக்கோழிகள் வைத்திருக்கிறேன். இப்போது 62 வாரம் ஆகிறது. விலைக்கு வாங்கும் லேயர் (முட்டைக்கோழி) தீவனம்தான் போடுகிறேன். வெயில் தொடங்கியதும் கோழிகள் தீவனம் எடுப்பது குறைந்துவிட்டது. செலவைக் கட்டுப்படுத்த 100 கிலோ தீவனத்துக்கு 20 கிலோ அரிசிக் குருணை கலக்க ஆரம்பித்தேன். மூன்று வாரத்தில் மஞ்சள்கரு வெளுத்துப்போனது. முட்டை வாங்குகிறவர்கள் குறை சொன்னார்கள். நண்பர் ஒருவர் சொன்னபடி முருங்கை இலை, மஞ்சள், பூண்டு, வேப்பிலை, வெந்தயம் எல்லாவற்றையும் காயவைத்துப் பொடித்து, அதே கலவையில் 5 கிலோ சேர்க்கிறேன். நிறம் திரும்பிவிட்டது. ஆனால் ஓடு மெலிந்து கீறல் முட்டை கூடிக்கொண்டே போகிறது. அவ்வப்போது ஓடில்லாத தோல்முட்டையும் வருகிறது. உடைத்து ஊற்றினால் வெள்ளைக்கரு தண்ணீராக ஓடுகிறது. பொடியின் அளவைக் கூட்டலாமா? ஓடு கெட்டிப்பட வேறு மூலிகை உண்டா? மூலிகை கொடுப்பதால் தடுப்பூசியை நிறுத்திவிடலாமா? 'கொழுப்பு குறைந்த மூலிகை முட்டை' என்று சொல்லி விற்கலாமா?

பதில்: பொடியைக் கூட்ட வேண்டாம். முதலில் குருணையை நிறுத்துங்கள்.

நீங்கள் எழுதியிருக்கும் வரிசையை நீங்களே இன்னொரு முறை படித்துப் பாருங்கள். வெயில் வந்தது, தீவனம் எடுப்பது குறைந்தது, குருணை கலந்தீர்கள், அதன் பிறகுதான் மஞ்சள்கரு வெளுத்தது. அதற்கு மருந்தாகப் பொடி வந்தது. குருணை கெடுத்த நிறத்தைப் பொடி சரிசெய்துவிட்டது. அதே குருணை கெடுத்த ஓடு மட்டும் அப்படியே நிற்கிறது, ஏனென்றால் அதைச் சரிசெய்யும் சரக்கு அந்தப் பொடியில் இல்லை.

கணக்காகவே பார்ப்போம். நல்ல லேயர் தீவனத்தில் கால்சியம் 4 விழுக்காட்டை ஒட்டி இருக்கும். உங்கள் மூட்டையில் தைத்திருக்கும் சீட்டில் சரியான அளவு இருக்கும், பாருங்கள். 4 என்றே வைத்துக்கொள்வோம். 100 கிலோ தீவனத்தில் 4 கிலோ கால்சியம். அதில் 20 கிலோ குருணையும் 5 கிலோ பொடியும் சேர்ந்தால் மொத்தம் 125 கிலோ. குருணையில் கால்சியம் இல்லையென்றே சொல்லலாம். முருங்கை இலையில் கொஞ்சம் உண்டு, அதையும் சேர்த்துக்கொண்டாலும் கலவையில் 3.3 விழுக்காட்டைத் தாண்டாது. சாதாரண நாளில் ஒரு கோழி 110 கிராம் தின்கிறது என்றால், கலப்பில்லாத தீவனத்தில் அதற்கு 4.4 கிராம் கால்சியம் கிடைத்துக்கொண்டிருந்தது. வெயிலில் 95 கிராம்தான் தின்கிறது என்று வைத்தால், இப்போதைய கலவையில் கிடைப்பது ஏறக்குறைய 3.1 கிராம்.

ஒரு முட்டையின் ஓட்டில் மட்டும் 2 கிராமுக்குச் சற்று மேலாகவே கால்சியம் இருக்கிறது. தின்பதில் பாதிதான் உடம்பில் சேரும். அப்படியென்றால் நாளுக்கு 4 கிராமுக்குக் குறையக் கூடாது. வயதான கோழிக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே வேண்டும். 3.1 கிராம் தின்றுவிட்டு முட்டையிடும் கோழி மீதியைத் தன் எலும்பிலிருந்து எடுக்கிறது. கொஞ்ச நாளுக்கு அது முடியும், ஏனென்றால் முட்டையிடும் பறவைக்கு எலும்பின் உட்பகுதியில் இதற்கென்றே ஒரு சேமிப்பு உண்டு. அது வற்றியதும் ஓடு மெலியும், தோல்முட்டை வரும். அதன் பிறகும் கவனிக்காவிட்டால் கோழி கால் தளர்ந்து உட்கார்ந்துவிடும்.

கால்சியத்தோடு இது நிற்பதில்லை. கால்சியத்தைக் குடலிலிருந்து இழுக்க வைட்டமின் டி3 வேண்டும். அதுவும் தீவனத்தோடுதான் வருகிறது. கலவையில் 100க்கு 80ஆக இறங்கிவிட்டது. தின்னும் அளவும் குறைந்ததால் கோழிக்குப் போய்ச் சேர்வது முன்பு போனதில் 70 விழுக்காடு போலத்தான். மஞ்சள்கருவுக்கு நிறம் தரும் பொருளும் அதே அளவுக்குத்தான் இறங்கியது. அதனால்தான் மூன்றே வாரத்தில் வெளுப்பு உங்கள் கண்ணில் பட்டது.

இப்போது நிறத்துக்கு வருகிறேன், மூலிகை உண்மையாகவே வேலை செய்யும் இடம் இதுதான். மஞ்சள்கருவின் மஞ்சளைக் கோழியால் உற்பத்தி செய்துகொள்ள முடியாது. லூட்டின், சியாசாந்தின் போன்ற நிறமிகள் செடிகளிலிருந்துதான் வரவேண்டும். மஞ்சள் மக்காச்சோளத்தில் இவை உண்டு, பச்சை இலைகளில் நிறைய உண்டு, செண்டுமல்லி இதழில் கொட்டிக்கிடக்கிறது. அரிசி, வெள்ளைச் சோளம், கம்பு போன்றவற்றில் இல்லையென்றே சொல்லலாம். மஞ்சள்கரு வேகமாகப் பருக்கும் காலம் 8 முதல் 10 நாள். ஆகவே தீவனத்தில் நிறமி கூடினாலும் குறைந்தாலும் ஒன்றரை வாரத்துக்குள் முட்டையில் முழுதாகத் தெரிந்துவிடும். பொடி போட்டதும் சட்டென்று பலன் தெரிந்ததே, காரணம் இதுதான். நிறுத்தினாலும் அதே வேகத்தில் வெளுக்கும்.

உங்கள் கலவையில் இந்த வேலையைச் செய்தது முருங்கை இலை. பெயர் என்னவோ மஞ்சள்தூளுக்குத்தான் போகும்! மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமின், லூட்டின் போன்றவை அடங்கிய கரோட்டினாய்டு நிறமி வகையைச் சேர்ந்ததே இல்லை. குடலில் மிகக் கொஞ்சமாகத்தான் உறிஞ்சப்படும், பெரும்பகுதி எச்சத்தோடு வெளியேறிவிடும். மஞ்சளுக்கு வேறு பயன்கள் சொல்லலாம், மஞ்சள்கருவுக்குச் சாயம் ஏற்ற அதை நம்பாதீர்கள்.

சிவந்த ஆரஞ்சு நிறம் வேண்டுமென்று கேட்கிறவர்களுக்கு முருங்கை மட்டும் போதாது. இலையும் செண்டுமல்லியும் மஞ்சளைத்தான் தரும், சிவப்புச் சாயலைத் தருவது மிளகாய்ப் பழத்திலுள்ள காப்சாந்தின். காரம் கோழியை வதைக்குமோ என்று பயப்பட வேண்டாம், பறவைகளுக்குக் காரம் உறைக்காது. மிளகாயின் காரப்பொருளை உணரும் ஏற்பி அவற்றில் நம்முடையதைப் போல வேலை செய்வதில்லை. கிளி மிளகாய்ப் பழத்தை அலட்சியமாகத் தின்பது இதனால்தான். மிளகாய்த்தூளைக் கலக்கும் உங்கள் கண்ணுக்கும் மூக்குக்கும்தான் கவனம் தேவை.

ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். நிறம் கூடினால் சத்து கூடிவிட்டது என்று அர்த்தமில்லை. வெளுத்த மஞ்சள்கருவிலும் புரதமும் கொழுப்பும் அதே அளவுதான். வாங்குகிறவருக்கு நிறம் பிடிக்கிறது, அதற்காகக் கொடுக்கிறோம், அவ்வளவுதான். ஆனால் காரணமே இல்லாமல் நிறம் திடீரென்று விழுந்தால், பண்ணைக்காரருக்கு அது பயனுள்ள அறிகுறி. குடற்புழுவோ ரத்தக்கழிச்சலோ இருந்தால் நிறமி உறிஞ்சப்படாது. பழைய, சிக்கு வாடை அடிக்கும் தீவனத்திலும் நிறமி அழிந்திருக்கும். அந்த நேரத்தில் பொடியைத் தூவி நிறத்தை ஏற்றிவிட்டால் அறிகுறி மறைந்துவிடும், நோய் உள்ளேயே இருக்கும். உங்கள் விஷயத்திலும் ஏறக்குறைய இதுதான் நடந்திருக்கிறது.

முருங்கைப் பொடிக்கும் அளவு உண்டு. இலைப்பொடியைத் தீவனத்தில் 5 விழுக்காடு வரை சேர்த்தபோது பிரச்சினை இல்லாமல் நிறம் கூடியிருக்கிறது. 10, 15 என்று ஏற்றியபோது முட்டை எண்ணிக்கை இறங்கியதை ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். இலைப்பொடி நார் மிகுந்தது, இடத்தை அடைக்கும், ஆற்றல் குறைவு. நிறத்துக்காக மட்டும் என்றால் 100 கிலோ முழுத்தீவனத்துக்கு 2 கிலோ போதும் என்பது என் கருத்து. அதிலும் முதலில் 5 கிலோ தீவனத்தோடு நன்றாகக் கலந்து, பிறகு அதை மீதியில் கொட்டிக் கலக்குங்கள். நேரடியாகக் கொட்டினால் மூட்டையின் ஒரு பக்கம் பச்சையாகவும் மறுபக்கம் வெறுமையாகவும் போகும்.

பூண்டு, வேம்பு, வெந்தயத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பூண்டுக்குக் கிருமிகளை அடக்கும் குணம் உண்டு, அளவு கூடினால் வாசனை முட்டைக்கு ஏறக்கூடும். வேப்பிலை கசப்பு. வெயிலில் ஏற்கெனவே குறைவாகத் தின்னும் கோழிக்குக் கசப்பைச் சேர்த்துக் கொடுப்பதில் என்ன லாபம்? அதை இப்போதே எடுத்துவிடுங்கள். வெந்தயத்தாலும் உங்கள் பிரச்சினை தீரப்போவதில்லை. ஐந்தை ஒன்றாக அரைத்துப் போடுவதில் இன்னொரு தொல்லையும் இருக்கிறது: நல்லது நடந்தாலும் கெட்டது நடந்தாலும் எதனால் என்று உங்களுக்குத் தெரியவே தெரியாது.

நீங்கள் கேட்காத ஒரு செடியையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அடுத்தபடி யாராவது அதைப் பரிந்துரைப்பார்கள். சூபாபுல், சவுண்டல் என்று சொல்கிற மரத்தின் இலை மஞ்சள்கருவுக்கு அருமையான நிறம் தரும். கூடவே மிமோசின் என்ற நச்சும் அதில் இருக்கிறது. அளவு மீறினால் முட்டை விழும், வளர்ச்சி நிற்கும். நிறம் தருகிற இலையெல்லாம் கோழிக்கு ஆகாது.

அப்படியானால் மூலிகைத் தீவனச் சேர்க்கை எல்லாமே வீண்தானா என்று கேட்பீர்கள். இல்லை. வளர்ச்சிக்காகத் தீவனத்தில் ஆன்டிபயாடிக் சேர்ப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜனவரி 1 முதல் முற்றிலும் நிறுத்தியது. அந்த இடத்தை நிரப்ப என்ன செய்யலாம் என்ற தேடலில்தான் இந்தத் துறை பெரிதாக வளர்ந்தது. ஓமத்தில் இருக்கும் தைமால், ஆர்கனோ இலையில் இருக்கும் கார்வக்ரால் போன்ற எண்ணெய்ப் பொருட்கள் குடலில் கெட்ட கிருமிகளை ஓரளவு அடக்குகின்றன. மஞ்சள்கருவிலுள்ள கொழுப்பு கெட்டுச் சிக்கு வாடை அடிப்பதையும் இவ்வகை மூலிகைகள் தாமதப்படுத்துகின்றன. ஆளிவிதை கொடுத்து ஒமேகா-3 முட்டை எடுக்கிறவர்களுக்கு இது உண்மையில் பயன்படும். ஆனால் இவை எல்லாம் அடிப்படை சரியாக இருக்கும் கூட்டத்தில் கிடைக்கும் சிறு மேம்பாடுகள். தீவனத்திலேயே குறை இருக்கும்போது இவற்றின் பலன் கண்ணுக்கே தெரியாது.

சரி, ஓட்டுக்கு என்ன செய்வது?

முட்டை கோழியின் உடலில் உருவாக ஏறக்குறைய 25 மணி நேரம் ஆகிறது. அதில் 20 மணி நேரம் ஓடு கட்டும் பையில்தான் கழிகிறது. ஓட்டின் பெரும்பகுதி இரவில் கட்டப்படுகிறது, கோழி தின்னாமல் தூங்கும் நேரத்தில். மாவு போல அரைத்த சுண்ணாம்பு சில மணி நேரத்தில் குடலைக் கடந்துவிடும். 2 முதல் 4 மில்லிமீட்டர் பருமனுள்ள கிளிஞ்சல் அல்லது சுண்ணாம்புக்கல் குருணை அரைவைப் பையில் தங்கி இரவு முழுவதும் மெல்லக் கரையும். உங்களுக்கு வேண்டிய 'குருணை' அதுதான். தனித் தட்டில், மாலை 3, 4 மணிக்கு வையுங்கள். தீவனத்தில் கலக்க வேண்டாம். முட்டையிடும் கோழிக்குக் கால்சியப் பசி என்று ஒன்று உண்டு, தேவைப்பட்டது தானே வந்து கொத்தும், தேவையில்லாதது திரும்பிப் பார்க்காது. மாலை வேளையில் அந்தத் தட்டருகே சிறிது நேரம் நின்று பாருங்கள், கால்சியத்தைத் தேடி வரும் கோழிகள் எவையென்று தெரியும்.

கால்சியம் போதவில்லை என்றதும் சிலர் டிசிபி (டைகால்சியம் பாஸ்பேட்) வாங்கிக் கொட்டுவார்கள். அதில் பாஸ்பரஸ் சேர்ந்து வருகிறது. பாஸ்பரஸ் அளவுக்கு மீறினால் ஓடு இன்னும் மோசமாகும். வெறும் கிளிஞ்சல் போதும்.

வெயிலின் பங்கும் பெரிது. கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது, வாயைத் திறந்து இரைத்துத்தான் சூட்டைத் தணிக்கிறது. இரைக்க இரைக்க ரத்தத்திலிருந்து கரியமில வாயு வெளியேறிவிடுகிறது. ஓடு என்பது கால்சியம் கார்பனேட். அந்தக் கார்பனேட்டுக்கு மூலமே ரத்தத்தில் கரைந்திருக்கும் கரியமில வாயுதான். கால்சியம் போதுமான அளவு கொடுத்தாலும், நாளெல்லாம் இரைக்கிற கோழி மெல்லிய ஓடுதான் போடும். இதற்கு எந்த இலையும் உதவாது. காற்றோட்டம், நிழல், குளிர்ந்த குடிநீர் இவைதான். தண்ணீர்க் குழாயில் கை வைத்துப் பாருங்கள், உங்களுக்கே வெதுவெதுப்பாகத் தெரிந்தால் கோழி குறைவாகத்தான் குடிக்கும், தண்ணீர் குறைந்தால் தீவனமும் குறையும்.

தீவனத்தை விடியற்காலையிலும் வெயில் சாய்ந்த பிறகும் போடுங்கள். நண்பகலில் தட்டு காலியாக இருப்பதே நல்லது, தின்ற தீவனம் செரிக்கும்போது உடம்பில் சூடு ஏறும். நடு இரவில் ஒரு மணி நேரம் விளக்குப் போட்டுத் தீவனம் கொடுக்கும் வழக்கமும் உண்டு. ஓடு கட்டப்படும் நேரத்திலேயே கால்சியம் போய்ச் சேரும் என்பதால் வெயில் காலத்தில் அது நல்ல பலன் தருகிறது. அந்த விளக்குக்கு முன்னும் பின்னும் குறைந்தது 3 மணி நேரம் இருட்டு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கோழியின் பகல் கணக்கு குழம்பிவிடும். வைட்டமின் சி-யைக் கோழி தானே தயாரித்துக்கொள்ளும், கடும் வெயிலில் மட்டும் அது போதாமல் போகும். அந்த நாட்களில் தண்ணீரில் வைட்டமின் சி கொடுப்பதில் அர்த்தமுண்டு. நெல்லிக்காய் கொடுக்கலாமா என்று சிலர் கேட்பார்கள், பச்சையாக என்றால் தாராளமாகக் கொடுக்கலாம்.

மூன்றாவது காரணம் வயது, அதை மாற்ற முடியாது. 30 வாரத்தில் 57 கிராம் முட்டையிட்ட கோழி 62 வாரத்தில் 65 கிராம் முட்டையிடும். ஆனால் ஓட்டுக்கு அது ஒதுக்கும் சுண்ணாம்பு கூடுவதில்லை. அதே 5.6 கிராம் ஓடு பெரிய முட்டையின் மேல் பரவினால் மெலியத்தானே செய்யும்? முன்பு முட்டை எடையில் 9.8 விழுக்காடாக இருந்த ஓடு இப்போது 8.6 ஆகிவிடும். ஆகவே குருணையை நிறுத்தி, கிளிஞ்சல் வைத்து, வெயிலைத் தணித்தாலும் 30 வாரத்து ஓடு திரும்பாது. தோல்முட்டை நிற்கும், கீறல் குறையும், அந்த அளவில் எதிர்பாருங்கள்.

தண்ணீரான வெள்ளைக்கருவுக்கு வேறு காரணம் என்று நினைக்கிறேன். முட்டையை ஒரு நாளைக்கு எத்தனை முறை பொறுக்குகிறீர்கள், எங்கே வைக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. பெரும்பாலான கோழிகள் காலையில் இட்டுவிடும். மாலையில் ஒரே தடவை பொறுக்கினால் முட்டை வெயில் நேரம் முழுவதும் சூட்டில் கிடக்கிறது. ஓட்டின் நுண்துளை வழியாக உள்ளிருக்கும் கரியமில வாயு வெளியேறும், வெள்ளைக்கருவின் காரத்தன்மை ஏறும், கெட்டியாக நின்ற பகுதி தளர்ந்து நீர்த்துப்போகும். சூடு கூடக்கூட இது வேகமாக நடக்கும். காலை நேரத்தில் அடுத்தடுத்துப் பொறுக்கி, உடனே குளிர்ந்த இடத்துக்கு மாற்றுங்கள். கோழி இட்ட அன்றே, பொறுக்கிய கையோடு ஒரு முட்டையைத் தட்டையான தட்டில் உடைத்துப் பாருங்கள். மஞ்சள்கருவைச் சுற்றி வெள்ளைக்கரு மேடாக நின்றால் கோழியிடம் குறை இல்லை, சேமிப்பில்தான் குறை. வயதான கோழியின் மேடு கொஞ்சம் தாழ்ந்துதான் இருக்கும், அதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

புத்தம்புது முட்டையே தண்ணீராக ஓடி, ஓட்டில் சுருக்கமும் கோணலும் தெரிந்து, கூடவே தும்மலோ மூச்சிரைப்போ முட்டை எண்ணிக்கை விழுவதோ இருந்தால் கதையே வேறு. தொற்று மூச்சுக்குழல் அழற்சி என்ற வைரஸ் நோய் இப்படித்தான் காட்டும். வெளிப்பார்வைக்கு நலமாகத் தெரியும் கூட்டத்தில் திடீரென்று தோல்முட்டைகள் குவிந்தால் இடிஎஸ் எனப்படும் முட்டை வீழ்ச்சி நோயையும் நினைக்க வேண்டும். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை, எல்லாம் மெதுவாகத்தான் நடந்திருக்கிறது. ஆனாலும் அருகிலுள்ள கால்நடை மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். தடுப்பூசியை நிறுத்தலாமா என்ற கேள்விக்கு என் பதில் ஒரே வார்த்தை: கூடாது. வெள்ளைக்கழிச்சலைத் தடுக்கும் மூலிகை எதுவும் இல்லை. ஒருமுறை புகுந்தால் 180 கோழிகளும் போய்விடும்.

பொடியைத் தொடர்வதாக இருந்தால் அது எப்படிக் காய்ந்தது என்பதைக் கவனியுங்கள். இலையை நேர் வெயிலில் காயவைத்தால் நமக்கு வேண்டிய நிறமியே அழிந்துபோகும். நிழலில், காற்றோட்டத்தில், மெல்லிய பரப்பாகக் காயவைக்க வேண்டும். பொடி பச்சையாக இருக்க வேண்டும், பழுப்பேறியிருந்தால் பாதிப் பலன் போனது போனதுதான். ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிடித்து விரல்களைத் திறங்கள். உதிர்ந்து விழுந்தால் சரி, கட்டியாக நின்றால் ஈரம் இருக்கிறது. பூஞ்சை வாடை அடித்தால் யோசிக்காமல் குப்பைக்குழியில் போடுங்கள். பூஞ்சை பிடித்த பொடியில் அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நச்சு வரலாம். அது தாக்குவது கல்லீரலை. மஞ்சள்கருவின் கொழுப்பு தயாராவதும், வைட்டமின் டி3 வேலை செய்யும் வடிவத்துக்கு மாறத் தொடங்குவதும் அந்தக் கல்லீரலில்தான். முட்டைத் தரத்துக்கென்று போட்ட பொடியே தரத்தைக் கெடுக்கும் வழி இது. ஒரே நேரத்தில் மாதக்கணக்குக்கு அரைத்து வைக்காமல், இரண்டு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் அரையுங்கள்.

'கொழுப்பு குறைந்த மூலிகை முட்டை' என்று சொல்லாதீர்கள். ஒரு முட்டையில் 200 மில்லிகிராம் அளவுக்குக் கொலஸ்ட்ரால் உண்டு. குஞ்சு உருவாக அது தேவை என்பதால், தீவனம் மாறினாலும் கோழி அதை எளிதில் குறைக்காது. பூண்டு, கருஞ்சீரகம் இவற்றை வைத்து நிறைய ஆய்வுகள் நடந்திருக்கின்றன. சிலவற்றில் கொஞ்சம் குறைந்திருக்கிறது, சிலவற்றில் அசையவே இல்லை. உங்கள் முட்டையை ஆய்வகத்தில் பார்க்காமல் அப்படிச் சொல்வது வாங்குகிறவரை ஏமாற்றுவதாகிவிடும். அதிலும் மருத்துவர் கொழுப்பைக் குறைக்கச் சொன்னவர்தான் அந்தப் பேச்சை நம்பி வாங்குவார். 'முருங்கை இலை சேர்த்த தீவனம் தின்ற கோழியின் முட்டை' என்று சொல்லுங்கள். உண்மை, கேட்கவும் நன்றாகத்தான் இருக்கிறது.

கடைசியாக ஒரு வேலை தருகிறேன். கூட்டத்தை நடுவில் வலை கட்டி இரண்டாகப் பிரியுங்கள். இரு பக்கமும் கலப்பில்லாத தீவனம், மாலையில் கிளிஞ்சல், எல்லாம் ஒன்றுபோல. ஒரு பக்கத்துக்கு மட்டும் முருங்கைப் பொடி 2 கிலோ கணக்கில். நான்கு வாரம் விடுங்கள். வாரம் ஒருநாள் ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் கைக்கு வந்த 10 முட்டை எடுத்து, 0.1 கிராம் காட்டும் சிறு தராசில் எடை போட்டு, உடைத்து, ஓடுகளை உட்சவ்வோடு சேர்த்துத் தண்ணீரில் அலசி, நன்றாகக் காயவைத்து மறுபடி எடை போடுங்கள். ஓட்டின் எடையை முட்டையின் எடையால் வகுத்து 100ஆல் பெருக்கினால் வருவதுதான் ஓட்டின் விழுக்காடு. கோழியின் வயதைப் பார்த்தால் 8.5க்கு மேல் நின்றாலே எனக்குத் திருப்தி. நிறத்துக்குத் தனிக்கருவி வேண்டாம், இரு பக்க மஞ்சள்கருவையும் ஒரே வெள்ளைத் தட்டில் அருகருகே வைத்துப் பகல் வெளிச்சத்தில் பார்த்தால் போதும். நிறம் பொடிப் பக்கம் தெளிவாகக் கூடியிருக்கும், ஓடு இரண்டு பக்கமும் ஒன்றுபோலத் தேறியிருக்கும் என்பது என் கணிப்பு. நான்கு வார எடைக் கணக்கையும், தீவன மூட்டைச் சீட்டில் இருக்கும் கால்சியம், பாஸ்பரஸ் அளவுகளையும், முட்டை பொறுக்கும் நேரங்களையும் எழுதி அனுப்புங்கள், அதைப் பார்த்து அடுத்து என்ன செய்யலாம் என்று சொல்கிறேன்.